எதிர்க்கரைச் சத்தம்

ஈஸ்டர் விடுமுறைக்கு நாங்கள் போய்த் தங்கியது ஓர்க்னித் தீவில் என் கணவன் எர்லெண்ட் பிறந்து வளர்ந்த வீட்டில். சொந்த வீட்டிலேயே வாடகைக்கு இருந்தோம் என்றால் கிளாஸ்கோவில் யாரும் நம்பமாட்டேன் என்கிறார்கள். மாமனாரும் மாமியாரும் போனபிறகு எர்லெண்டும் அவன் அக்கா தோராவும் வீட்டை விற்றுவிட்டார்கள். வாங்கிய தெற்கத்தி ஆட்கள் சுவரெல்லாம் வெள்ளையடித்து, மரத்தில் செய்த மீன்களைத் தொங்கவிட்டு, மணல் காலோடு உள்ளே வராதீர்கள் என்று ஒரு பலகையும் மாட்டி, விடுமுறைக் குடிலாக ஆக்கிவிட்டார்கள். மாமியார் ஜாம் காய்ச்சிய பெரிய பித்தளைப் பாத்திரத்தில் காய்ந்த பூக்களைச் செருகி அடுப்புக்கு மேலே மாட்டியிருந்தார்கள். அதைப் பார்த்ததும் தோராவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தோரா கிர்க்வாலில் இருந்து எங்களோடு தங்க வந்திருந்தாள். நல்லவள்தான், ஆனால் வாய்க்கு ஓய்வே கொடுக்கமாட்டாள். என்னை இன்றுவரை "கப்பல்ல இருந்து குதிச்சவ" என்றுதான் சொல்வாள். ஓர்க்னித் தீவுகளுக்கு வெளியே பிறந்த எல்லோருக்கும் அங்கே அதுதான் பெயர். கல்யாணமாகிப் பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது, அவள் கண்ணுக்கு நான் இன்னும் குதித்துக்கொண்டேதான் இருக்கிறேன்.

அந்த வாரம் வருடத்திலேயே பெரிய வற்றம். வளைகுடாவின் தண்ணீரெல்லாம் கண்காணாத தூரத்துக்குப் போய்விடும். தென்கரையில் எங்கள் வீடு. எதிரே வடகரையில் மான்சி என்கிற கிழவரின் பண்ணை. நடுவில் முழுக்க மணல். மலையில் இருந்து வரும் ஓடை ஒன்று அந்த மணலை இரண்டாக வெட்டிக்கொண்டு ஓடும். வற்றத்தில் அது முழங்கால் ஆழம்கூட இருக்காது. ஆனால் கடல் திரும்பும்போது முதலில் அந்த ஓடை வழியாகத்தான் ஏறும். இரண்டு பக்கமும் மணல் காய்ந்து கிடக்கும்போதே ஓடை ஆளை முழுங்கும் ஆழம் ஆகிவிடும். இது அங்கே சின்னக் குழந்தைக்கும் தெரியும். எனக்கே தெரியும்.

காலையில் எர்லெண்ட் கத்திச் சிப்பி எடுக்கக் கிளம்பினான். எட்டு வயது மகள் மிரனும் கூட வருவேன் என்று நின்றாள். கத்திச் சிப்பிக்குப் பின்பக்கமாக நடக்க வேண்டும். காலின் பாரம் பட்டதும் சிப்பி மணலுக்குள் இறங்கும், இறங்கின இடத்தில் சின்னப் பள்ளம் விழும். முன்பக்கமாக நடந்தால் அந்தப் பள்ளம் முதுகுக்குப் பின்னால் போய்விடும். அப்பாவும் மகளும் சமையலறையிலேயே பின்பக்கமாக நடந்து பழகி, நாற்காலியைத் தள்ளிவிட்டுச் சிரித்தார்கள்.

"வடக்குத் திட்டுக்கா போற?" என்றாள் தோரா, ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே.

"இல்லக்கா. பொண்ணு கூட வரா. ஓடையத் தாண்டல, இந்தப் பக்கமே பாக்கறேன்."

"இந்தப் பக்கத்துல என்ன இருக்கு, உன் சுண்டு விரல் அளவுக்குக் கிடைக்கும். அப்பா அந்தத் திட்டுல இருந்து வாளி வாளியாக் கொண்டு வருவாரு. சரி விடு, கிளாஸ்கோ நடைபாதையில நடந்த காலு. ஒரு டீக்கப் நிறையக் கொண்டு வா, போதும். உன் பொண்டாட்டி ரோனா சூப்புல மிதக்க விடுவா."

எர்லெண்ட் சிரித்தான். பற்களால் மட்டும் சிரிக்கும் சிரிப்பு. நான் அதைப் பார்த்தேன். அக்கா தம்பி பேச்சில் நான் எதற்கு மூக்கை நுழைக்க வேண்டும் என்று இருந்துவிட்டேன். இரண்டு பேரும் வாளியையும் பழைய கத்தியையும் எடுத்துக்கொண்டு போனார்கள். மிரனின் மஞ்சள் மழைக்கோட்டு மணலில் சின்னதாகி, சின்னதாகிப் போனது. நான் உருளைக்கிழங்கு உரிக்க உட்கார்ந்தேன்.

மூடுபனி வந்ததை நான் பார்க்கவில்லை. தலை நிமிர்ந்தபோது ஜன்னலுக்கு வெளியே வேலி இல்லை.

மலைப்பனி வேறு, கடல் மூடுபனி வேறு. நல்ல வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே கடலில் இருந்து சுவர் போல எழுந்து வந்து எல்லாவற்றையும் மூடிவிடும். வாசலுக்கு ஓடினேன். நீட்டிய கையே மங்கலாகத் தெரிந்தது. "எர்லெண்ட்!" என்று கத்தினேன். பஞ்சுக்குள் கத்தியது போல இருந்தது. என் குரல் எனக்கே ஒழுங்காகக் கேட்கவில்லை.

"கத்தாத. வந்துடுவான்" என்றாள் தோரா பின்னால் இருந்து. "அவனுக்குத் தெரியாத மணலா?"

"தண்ணி திரும்பிடுச்சா?"

 தோரா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். அவள் முகத்தைப் பார்த்ததுமே தண்ணீர் திரும்பிவிட்டது என்று தெரிந்தது.

"லைஃப்போட்டக் கூப்பிடலாம்" என்றேன்.

"இரு, இரு. அதுக்குள்ளயா? அந்தப் படகு ஓட்டறது நம்ம ஊர்ப் பசங்க, அவங்கவங்க வேலையில இருப்பாங்க. விடுமுறைக் காலம் வேற. கூப்பிட்டு அவங்க கிளம்பினப்புறம் இவன் வாளியோட சிரிச்சுக்கிட்டே வந்து நின்னா, நான் ஊர்ல தலையக் காட்ட முடியுமா?"

இந்த ஊர்க்காரர்களைப் பற்றி இதைத்தான் என்னால் இன்றுவரை புரிந்துகொள்ள முடியவில்லை. மூழ்கிக்கொண்டிருக்கும்போதுகூட, சிரமம் கொடுத்ததற்கு மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுத்தான் மூழ்குவார்கள். எனக்கு அந்த மரியாதையெல்லாம் கிடையாது. வெளிக்கதவு வரைக்கும் மேட்டில் ஓடினால்தான் கைபேசிக்கு சிக்னல் கிடைக்கும், ஓடினேன். கடலோரக் காவலில் பேசிய பெண் நிதானமாக எல்லாம் கேட்டாள். படகு கிளம்புகிறது, ஆனால் இந்தப் பனியில் அரைமணியாவது ஆகும், நீங்கள் யாரும் மணலில் இறங்காதீர்கள், ஒரே இடத்தில் நின்று சத்தம் கொடுத்துக்கொண்டே இருங்கள் என்றாள்.

நான் திரும்பி வருவதற்குள் தோரா அடுப்புக்கு மேலே இருந்த பித்தளைப் பாத்திரத்தைக் கழற்றி, பூக்களைத் தரையில் கொட்டிவிட்டு, வாசல் சுவரில் நின்று சூப்புக் கரண்டியால் அடித்துக்கொண்டிருந்தாள். டங், டங், டங் என்று எலும்புக்குள் போகிற சத்தம்.

"எங்க வீட்டுச் சத்தம் இது" என்றாள். "பனி வந்தா அம்மா இதத்தான் தட்டுவா. இதக் கேட்டா எர்லெண்ட் தூக்கத்துலகூட எழுந்து வருவான்."

அவள் தட்டினாள். நான் மூச்சை அடக்கிக் கேட்டுக்கொண்டு நின்றேன். அவள் கை வலித்தபோது நான் வாங்கித் தட்டினேன். மனதில் ஒரு கணக்கும் ஓடவில்லை, பயம் மட்டும்தான். மிரனின் கையுறை அடுப்புக்குப் பக்கத்தில் காய்ந்துகொண்டிருந்தது. வெறும் கையோடு போயிருக்கிறாள் என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

அப்போது எதிர்க்கரையில் இருந்து ஹாரன் கேட்டது. டிராக்டர் ஹாரன். நீளமாக, விட்டு விட்டு.

தோராவின் முகம் சிவந்துவிட்டது. "மான்சிக்குப் புத்தி கெட்டுப் போச்சா? முதல்ல எழுந்த சத்தம்தான் சத்தம். ஒரு கரையில ஆரம்பிச்சா இன்னொரு கரை வாய மூடணும், நாயக்கூட வீட்டுக்குள்ள கட்டணும். அவருக்குத் தெரியாதா? ரெண்டு பக்கமும் கூப்பிட்டா மணல்ல இருக்கறவன் எங்க போவான்?"

"ஃபோன் பண்ணிச் சொல்லு."

மறுபடியும் மேட்டுக்கு ஓடினோம். மான்சிக்கு வீட்டுத் தொலைபேசிதான். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அவர் வெளியே டிராக்டரில் உட்கார்ந்து ஹாரனை அழுத்திக்கொண்டிருக்கும்போது யார் எடுப்பார்கள்? அந்த இரைச்சலில் எங்கள் பாத்திரம் அவர் காதில் விழவும் விழாது. காரை எடுத்துக்கொண்டு வளைகுடாவைச் சுற்றிப் போகலாம் என்றால், அந்தப் பனியில் பாதையே தெரியாது.

இறங்கி வந்து தோரா இன்னும் வேகமாகத் தட்டினாள், ஹாரனோடு சண்டை போடுகிறவள் மாதிரி.

நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முதன்முறையாக என் மூளை வேலை செய்தது. ஓடைக்கு இந்தப் பக்கம் என்றால் எவ்வளவு தூரம் போயிருப்பார்கள்? கூப்பிட்டால் கேட்கிற தூரம். இவ்வளவு நேரமாகப் பாத்திரம் அடிக்கிறது. அதைக் கேட்டு நேராக நடந்திருந்தால் எப்போதோ வந்திருப்பார்கள். வரவில்லை. ஏன் வரவில்லை?

அப்போது கேட்டது. மெல்லிசாக, எங்கிருந்தோ.

"அம்மா!"

தோரா ஓவென்று சிரித்தாள், அழுதாள். "கேட்டியா? வரா! நம்ம பாத்திரத்தக் கேட்டுட்டா!"

"மிரன்!" என்று கத்தினேன். "மிரன், இங்க வராத! ஹாரன் பக்கம் போ! ஹாரன் பக்கம்!"

"என்னடி சொல்ற?" தோரா என்னைப் பிடித்து உலுக்கினாள்.

மறுபடி குரல் வந்தது. இந்தத் தடவை இன்னும் கிட்ட. "அம்மா! அம்மா!" அதோடு எர்லெண்டின் குரலும். வார்த்தை புரியவில்லை. குளிர்ந்த தண்ணீர் தொடைக்கு ஏறும்போது ஒருவன் போடும் சத்தம் அது. அவன் கடலில் குளிக்கும்போது கேட்டிருக்கிறேன், எனக்குத் தெரியும்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நான் சொன்ன வார்த்தை அவளுக்குப் போய்ச் சேரவில்லை. என் குரல் மட்டும்தான் போயிருக்கிறது. வராதே என்று கத்தினேன், அம்மா கூப்பிடுகிறாள் என்று அவள் வருகிறாள்.

கரண்டியைத் தோராவின் கையில் இருந்து பிடுங்கினேன்.

"குடு! பைத்தியம் பிடிச்சிருக்கா உனக்கு? கிட்ட வந்துட்டாங்க!"

"அவங்க ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்காங்க தோரா. நாம ஓடைக்குள்ள கூப்பிட்டுக்கிட்டு இருக்கோம்."

"இல்ல! தாண்டமாட்டேன்னு சொன்னான். என் காதால கேட்டேன். இந்தப் பக்கம்தான் வழி தெரியாமச் சுத்திக்கிட்டு இருக்கான். நீ நிறுத்தினா அந்த ஹாரன நம்பி வடக்க போவான், போய் ஓடையில விழுவான். நீ கொல்லப் போற ரெண்டு பேரையும்!"

அவள் சொன்னதும் நடக்கக்கூடியதுதான். அதுதான் கொடுமை. இந்தப் பக்கம் இருந்தால் எங்கள் சத்தம் உயிர், ஹாரன் சாவு. அந்தப் பக்கம் இருந்தால் அப்படியே தலைகீழ். பார்க்க முடியாது, அவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளவும் முடியாது. முடிவு செய்ய என் கையில் இருந்தது ஒன்றுதான், நான் கட்டிக்கொண்ட மனிதனின் சிரிப்பு.

"காலையில அவன்கிட்ட என்ன சொன்ன நீ?"

"என்ன சொன்னேன்?"

"டீக்கப். கிளாஸ்கோ காலு. அப்பா வாளி வாளியாக் கொண்டு வருவாரு."

"சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன்."

"அவன் விளையாட்டா எடுத்துக்கிட்டானா? அவன் பொறந்ததுல இருந்து உனக்குத் தம்பி. நீயே சொல்லு. தாண்டினானா இல்லையா?"

தோரா என்னைப் பார்த்தாள்.  பாத்திரம் அவள் கையில் இருந்து நழுவி, புல்லில் சத்தமில்லாமல் விழுந்தது. அவளும் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அம்மா!"

கிட்ட. கை நீட்டினால் தொட்டுவிடலாம் போல அவ்வளவு கிட்ட. தோரா துள்ளி எழுந்து, "மிர..." என்று ஆரம்பித்தாள். நான் அவள் வாயைப் பொத்தினேன். பலமாகப் பொத்தினேன், அவள் பல் என் உள்ளங்கையில் பதிந்தது. என் வாயை என்ன செய்வது? ஸ்வெட்டர் கையைக் கடித்துக்கொண்டேன். கம்பளி மயிர் தொண்டைக்குள் போனது.

"அம்மா! எங்க இருக்க? அம்மா!"

பெற்ற எந்த மனுஷியும் அந்தக் குரலுக்குப் பதில் சொல்லாமல் இருக்கமாட்டாள். நான் சொல்லவில்லை. நான் நினைத்தது தப்பாக இருந்தால், என் மகள் கடைசியாகக் கேட்டது என் மௌனம்தான் என்று ஆகிவிடும். அது தெரிந்தே நின்றேன்.  சிறுநீர் பிரிந்துவிட்டதுகூடப் பிறகுதான் தெரிந்தது.

"அம்மா, தட்டும்மா! கேக்கலம்மா!"

ஹாரன் அடித்தது. விட்டது. அடித்தது. நடுவில் தண்ணீர் அலசும் சத்தம் வந்தது, அல்லது வந்தது போல இருந்தது. அடுத்த முறை அவள் கூப்பிட்டபோது குரல் கொஞ்சம் தள்ளி இருந்தது. தள்ளிப் போகிறாள் என்பதா, தண்ணீருக்குள் போகிறாள் என்பதா? அதன் பிறகு அவள் கூப்பிடவில்லை.

தோரா என் தோளில் முகத்தை அழுத்திக்கொண்டு, "அவன் தாண்டியிருக்கணும், கடவுளே, அவன் தாண்டியிருக்கணும்" என்று முனகிக்கொண்டே இருந்தாள். காலையில் அதே ஓடையைத் தாண்டவில்லை என்றுதான் தம்பியைக் கிண்டல் செய்தாள்.

பிறகு ஹாரனும் நின்றது.

எதற்காக நிறுத்தினார்? வந்துவிட்டார்களா? அலுத்துப் போய் விட்டுவிட்டாரா? அல்லது எங்கள் பாத்திரம் எப்போதோ காதில் விழுந்தது இவ்வளவு நேரம் கழித்து ஞாபகம் வந்து, முறைப்படி வாயை மூடிக்கொண்டாரா? மேட்டுக்கு ஓடி மறுபடி ஃபோன் செய்யத் தோரா போனாள். நான் நகரவில்லை. நான் நகர்ந்தால் ஏதாவது ஆகிவிடும் என்று ஒரு அசட்டு எண்ணம். தூரத்தில் கடல்பக்கம் ஒரு இயந்திரத்தின் உறுமல் கேட்டது, லைஃப்போட்டாக இருக்கும். எங்கள் சுவருக்குக் கீழே மணலில் தண்ணீர் வந்துவிட்டிருந்தது. சத்தமே போடாமல் வந்திருந்தது. பாசியை மெல்ல நகர்த்திக்கொண்டிருந்தது. நான் அந்தத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தேன். மஞ்சளாக எதுவும் மிதந்து வந்துவிடக் கூடாது என்று மட்டும்தான் வேண்டிக்கொண்டேன்.

தோரா மேட்டில் இருந்து கத்தினாள். "ரோனா! எடுத்துட்டாரு! இருக்காங்க! ரெண்டு பேரும் இருக்காங்க!"

நான் புல்லில் படுத்துவிட்டேன். எழுந்திருக்க முடியவில்லை.

மான்சி அவர்களைத் தன் பழைய காரில் ஏற்றி, ஊர்ந்து ஊர்ந்து கொண்டுவந்து சேர்த்தார். எர்லெண்ட் இடுப்புக்கு மேல்வரை நனைந்து, உதடு நீலமாகி, பேச முடியாமல் நடுங்கிக்கொண்டிருந்தான். மிரனைத் தோளில் தூக்கி வைத்திருந்திருக்கிறான், அவளுக்குத் தொடைவரைதான் ஈரம். மான்சியின் பெரிய கம்பளிக் கோட்டு அவள் பாதம்வரை தொங்கியது. வாளி இல்லை.

"யாரு அந்தப் பாத்திரத்தத் தட்டினது?" என்றார் மான்சி, தொப்பியைக்கூடக் கழற்றாமல். "பனி எறங்கறதுக்கு முன்னாடியே இவங்கள எங்க பக்கத்துத் திட்டுல பாத்துட்டேன். அதான் ஹாரன் போட்டேன். நீங்க தட்டறது எனக்குக் கேக்கவே இல்ல. இவன் சொல்லித்தான் தெரியும்."

எர்லெண்டுக்கு இரண்டாவது கப் டீயில்தான் பேச்சு வந்தது. "பாத்திரத்தக் கேட்டதும் நம்ம வீடுன்னு தெரிஞ்சுது. ஹாரன் யாரோ ரோட்டுல போறவன் அடிக்கறான்னு நெனச்சேன். பாத்திரத்துக்கு நேரா நடந்தேன். எறங்கினப்புறம்தான் ஓடைன்னு தெரிஞ்சுது, சரி, தாண்டிடலாம்னு நெனச்சேன். இன்னும் ரெண்டடி எடுத்து வெச்சிருந்தா காலு தரையில நின்னிருக்காது. அப்போ சத்தம் நின்னு போச்சு. எந்தப் பக்கம்னு புரியாம நின்னேன். அப்புறம்தான் திரும்பினேன்."

 தோரா மூலையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். தம்பியை நிமிர்ந்து பார்க்க அவளால் முடியவில்லை. எனக்கு அவள்மேல் கோபம் இருந்தது, எர்லெண்ட்மேல் அதைவிடக் கோபம் இருந்தது, ஆனால் அந்த நேரத்தில் எல்லாவற்றையும்விட அவர்கள் உயிரோடு இருக்கிறார்கள் என்கிற நிம்மதிதான் பெரிதாக இருந்தது. மண்டியிட்டு மிரனின் கால்களைத் துண்டால் தேய்த்துச் சூடாக்கினேன்.

"அம்மா" என்றாள். அழவில்லை. "பாத்திரத்தத் தட்டினது யாரு?"

"அத்தை. கொஞ்ச நேரம் நானும்."

"நிறுத்தினது?"

எர்லெண்ட் ஏதோ சொல்ல வாயெடுத்தான். நான் கையைக் காட்டித் தடுத்தேன்.

"நான்தான் கண்ணு."

"நான் கூப்பிட்டது கேட்டுச்சா உனக்கு?"

"கேட்டுச்சு."

ஓடையைப் பற்றிச் சொன்னேன். தண்ணீர் எப்படி ஏறும் என்று சொன்னேன். நான் பதில் கொடுத்திருந்தால் அவள் என்னை நோக்கி வந்திருப்பாள், வந்திருந்தால் முழுகியிருப்பாள் என்று சொன்னேன். பள்ளியில் டீச்சர் சொல்வதைக் கேட்பது போல முழுவதையும் ஒழுங்காகக் கேட்டாள். புரிந்தது என்று தலையைக்கூட ஆட்டினாள். பிறகு என் கையில் இருந்து காலை உருவிக்கொண்டு எழுந்து, அந்தப் பெரிய கோட்டை இழுத்துக்கொண்டே போய், தோராவின் மடியில் ஏறி உட்கார்ந்தாள்.

தோரா என்னைப் பார்த்தாள். அவள் கைகள் குழந்தையைத் தொடாமல் இரண்டு பக்கமும் தொங்கின. "அம்மாகிட்ட போ செல்லம்" என்றாள், குரலே எழும்பாமல்.

மிரன் போகவில்லை. அத்தையின் கையை இழுத்துத் தன்மேல் போட்டுக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டாள்.